சாவியையும் சேர்த்து வாங்குங்கள்: பாடசாலைகளுக்கு டெப் கொடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளுக்கு டெப் (டெப்லட் கணினி) வாங்கும் கொள்முதல் குழுவினருக்கும், வெளிநாடுகளிலிருந்து பழைய டெப் சேர்த்து அனுப்பும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

‘பழுது, திருத்த முடியாது’ என்று எழுதி அலுமாரிக்குள் போட்டிருக்கும் டெப்களைக் கழித்துவிட்டு, அதே விபரக்குறிப்பை வைத்துப் புதியவற்றுக்கு விலைமனு கோரும் முடிவை அறிந்தோம். அந்த முடிவோடு எங்களால் உடன்பட முடியவில்லை. அலுமாரியில் கிடப்பவற்றில் எங்கள் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் பழுதானவை அல்ல, பூட்டப்பட்டவை. அதே விபரக்குறிப்பில் மறுபடி வாங்கினால் இன்னும் சில வருடங்களில் அதே அலுமாரி மறுபடி நிறையும்.

வன்பொருள் பழுதுக்கு இந்த ஊரிலேயே வைத்தியம் உண்டு. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமிருந்து வரும் டெப்களில் முதலில் போவது சார்ஜிங் போர்ட். உப்புக்காற்றில் மைக்ரோ யூஎஸ்பியின் ஐந்து பின்களிலும் பச்சை பூத்துவிடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பல்துலக்கும் தூரிகையும் போதாவிட்டால் ஹொட் எயாரில் போர்ட்டையே கழற்றி மாற்றலாம். ஊதிய பற்றரியை மாற்றலாம், வெடித்த கண்ணாடியை மாற்றலாம். ‘இந்தக் கருவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று திரையில் வந்து நிற்கும் டெப்புக்கு மட்டும் உதிரிப்பாகம் கிடையாது.

பூட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. டெப்பை ஒன் செய்தவுடன் சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே எரித்துவைத்த சாவி, டெப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் இயங்குதளத்தின் (ஓஎஸ்) மையமான கேர்னலைச் சரிபார்க்கிறது. கேர்னல் மற்றவற்றைச் சரிபார்க்கிறது. இடையில் யாராவது கெட்ட மென்பொருளை நுழைத்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்து டெப் நின்றுவிடும். விண்டோஸ் கருவிகளில் இதற்கு ‘செக்கியூர் பூட்’ என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். கேள்வி ஒன்றே ஒன்று: எந்தக் கையொப்பத்தை நம்புவது என்று தீர்மானிக்கும் உரிமை, காசு கொடுத்து வாங்கிய பாடசாலையிடம் இருக்கிறதா, இல்லையா?

அந்த உரிமையைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் வணிக முடிவு, தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல. 2012இல் விண்டோஸ் 8 சான்றிதழுக்காக மைக்ரோசொஃப்ட் வகுத்த நிபந்தனைகளைப் பாருங்கள். இன்டெல் வகைக் கருவிகளில் செக்கியூர் பூட்டை உரிமையாளர் நிறுத்தவும், தன் சாவியைச் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும். ஏஆர்எம் சிப் உள்ள கருவிகளில் நிறுத்த வழி இருக்கவே கூடாது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே பாதுகாப்பு முறை, இரண்டு விதி. இரண்டாவது விதியின் கீழ் வந்த, மைக்ரோசொஃப்டின் சொந்தத் தயாரிப்பான சேர்ஃபேஸ் ஆர்டி டெப்புக்கு விண்டோஸ் 10 தரப்படவில்லை. அதில் ஓடும் விண்டோஸ் ஆர்டி 8.1க்கான ஆதரவும் 2023 ஜனவரி 10இல் முடிந்தது. வெளிநாட்டுப் பெட்டிகளில் இந்த டெப் இன்னும் வருகிறது. உடம்பு திடமாக இருக்கும், திரை தெளிவாக இருக்கும், பிரவுசர் இன்றைய இணையத்தளங்களோடு மல்லுக்கட்டும். 2016இல் செக்கியூர் பூட் கொள்கைக் கோப்பொன்று வெளியே கசிந்த பிறகுதான் ஆர்வலர்கள் அதைத் திறக்கத் தொடங்கினார்கள். கசிவை நம்பிப் பாடசாலைக்குப் பொருள் வாங்க முடியுமா?

விண்டோஸ் 10 வந்தபோது இன்டெல் கருவிகளிலும் ‘நிறுத்த வழி இருக்க வேண்டும்’ என்ற கட்டாயம் நீங்கி, அது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே நீங்கள் விபரக்குறிப்பில் எழுதிக் கேட்காவிட்டால் அந்த வசதி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. திரை எத்தனை அங்குலம், ரம் எத்தனை ஜிபி, உறை என்ன நிறம் என்பதெல்லாம் நாங்கள் பார்த்த விபரக்குறிப்புகளில் உண்டு. பூட்லோடர் பற்றி ஒரு சொல் இல்லை.

இனி அலுமாரிக்குள் இருப்பவற்றைப் பற்றி.

அதிகம் கிடப்பது இன்டெல் எட்டம் இசட்3735எஃப் சிப் உள்ள விண்டோஸ் டெப்கள். ரம் 2 ஜிபி, சேமிப்பு 32 ஜிபி, இரண்டும் போர்டில் ஒட்டியவை, கூட்ட முடியாது. விண்டோஸ் 10இன் பெரிய புதுப்பிப்பு ஒவ்வொன்றும் இடமில்லாமல் பாதியில் நின்றது. அந்த ஓஎஸ்ஸுக்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரம், 64 ஜிபி சேமிப்பு, டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. எனவே இவற்றுக்கு மிஞ்சியிருப்பது லினக்ஸ் ஒன்றுதான். அது நன்றாகவே ஓடும்: டெபியன் என்ற லினக்ஸ் வகை, பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளம், ரம்மைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரம் போட்டால் லிப்ரே ஒஃபிஸும் பிரவுசரில் ஒன்றிரண்டு பக்கங்களும் தாராளம். தமிழுக்கு நோட்டோ எழுத்துரு உண்டு; இலங்கை அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பில் உண்டு.

‘பெண்டிரைவைக் காட்டவே இல்லை, பயோஸ் லொக்’ என்று இவற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது லொக் அல்ல. சிப் 64 பிட், உள்ளே இருக்கும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வெயர் (பயோஸின் இடத்தில் வந்த, போர்டிலேயே பதிந்த தொடக்க மென்பொருள்) 32 பிட். சாதாரண 64 பிட் பெண்டிரைவில் அந்த ஃபர்ம்வெயர் தேடும் 32 பிட் பூட் கோப்பு இல்லாததால், பட்டியலில் பெண்டிரைவின் பெயரே வராது. 2015இல் வெளிவந்த 8ஆம் பதிப்பிலிருந்து டெபியன் இந்தக் கலப்பு வகையை ஆதரிக்கிறது. வேறு லினக்ஸ் என்றால் பெண்டிரைவின் ஈஎஃப்ஐ கோப்புறைக்குள் இருக்கும் பூட் கோப்புறையில் ‘பூட்ஐஏ32’ என்ற கோப்பைச் சேர்த்தால் போதும்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். பற்றரியை முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே போர்ட்டில்தான் சார்ஜும், கீபோட் போன்றவற்றை இணைக்கும் ஓடிஜி ஹப்பும். ஹப்பில் கீபோட், பெண்டிரைவ் இரண்டும் இருக்க வேண்டும். தொடுதிரை இந்தக் கட்டத்தில் உதவாது. விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் வழியாக யூஈஎஃப்ஐ அமைப்புக்குள் போய் செக்கியூர் பூட்டை நிறுத்த வேண்டும். அதற்கு முன் இரண்டு வேலை.

முதல் வேலை, டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. செக்கியூர் பூட்டைத் தொட்டவுடன் விண்டோஸின் குறியாக்க முறையான பிட்லொக்கர் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கும். அந்தக் குறியீடு டெப்பில் முதலில் உள்நுழைந்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கும். பல தடவை அது பாடசாலையின் கணக்கு அல்ல, டெப்பை அமைத்துக் கொடுத்த விநியோகத்தரின் ஊழியருடையது! அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் உள்ளேயிருக்கும் வினாத்தாள்களும் புள்ளிப்பட்டியலும் போயே போச்சு.

இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள். மலிவு டெப் பலவற்றில் சிலியாட் தொடுதிரைச் சிப் இருக்கும். அதற்கு ஒவ்வொரு மொடலுக்கும் தனித்தனி ஃபர்ம்வெயர் கோப்பு வேண்டும். லினக்ஸில் அது எல்லா மொடலுக்கும் வராது. விண்டோஸை அழிக்கும் முன்னரே அதன் டிரைவர் கோப்புறையைப் பெண்டிரைவில் நகலெடுத்து வைத்தால், அதிலிருந்து பிரித்தெடுக்கக் கருவிகள் உண்டு. நகல் இல்லாமல் அழித்தால் தொடுதிரை வேலை செய்யாது, அல்லது விரல் ஒரு மூலையில் வைக்க அம்பு இன்னொரு மூலையில் போகும். ‘லினக்ஸ் போட்டதும் டச் செத்துப்போச்சு’ என்ற புகாரின் காரணம் இதுதான். வைஃபைக்கு அந்தக் கவலை குறைவு. இவற்றில் வழக்கமாக இருக்கும் ரியல்டெக் 8723பிஎஸ்ஸுக்கான டிரைவர் கேர்னல் 4.12 முதல் கூடவே வருகிறது.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. யூஈஎஃப்ஐ அமைப்புக்குள் போக முடிய வேண்டும். விநியோகத்தர் அங்கே கடவுச்சொல் வைத்துவிட்டு எழுதிக் கொடுக்காமல் போன டெப்களும் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைத் திறக்க பயோஸ் சிப்பைக் கிளிப் போட்டுப் பிடித்து புரோகிராமரால் படித்து எழுத வேண்டும். ஒரு கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தராததற்கு இவ்வளவு பாடு.

அண்ட்ரொய்ட் டெப்களில் கதை வேறு. இங்கே திறக்க முடியுமா முடியாதா என்பது மொடலுக்கு மொடல் மாறும், வாங்கிய பிறகும் மாறும். ஹுவாவே 2018இல் அன்லொக் குறியீடு வழங்குவதையே நிறுத்தியது. அதற்கு முன் வாங்கி, அதுவரை திறக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் கதவு மூடியது. ஆகவே ‘திறக்கலாம்’ என்ற விற்பனையாளரின் வாய்வார்த்தை போதாது, பொருளை ஏற்கும் நாளிலேயே சோதிக்க வேண்டும்.

சோதனை சுலபம். செட்டிங்ஸில் ‘எபவுட் டெப்லட்’ பகுதியில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுங்கள். டெவலொப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ஓஈஎம் அன்லொக்கிங்’ என்ற ஆளி இருக்க வேண்டும், நகர வேண்டும். சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால் முதலில் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். சில மொடல்கள் இணையத்தைக் கேட்டுத்தான் அனுமதிக்கும். அதன்பிறகும் அசையாவிட்டால் தயாரிப்பாளரோ நிர்வாக மென்பொருளோ தடுத்திருக்கிறது. ஆளி நகர்ந்தால் யூஎஸ்பி டிபக்கிங்கையும் ஒன் செய்து லப்டொப்பில் இணைத்து, ‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’ என்ற கட்டளையைக் கொடுத்து, பிறகு ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் கெட்_அன்லொக்_எபிலிட்டி’ என்று கேளுங்கள். 1 என்றால் திறக்கும், 0 என்றால் திறக்காது. யூனிசொக் சிப் உள்ள சிலவற்றில் இது சரியென்று காட்டினாலும், திறக்கும் கட்டளைக்குத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட டோக்கன் (அனுமதிக் குறியீடு) கேட்கும். சம்சுங்கில் ஃபாஸ்ட்பூட்டே இல்லை. டவுன்லோட் மோட்டில் பார்க்க வேண்டும், திறந்து வேறு மென்பொருள் போட்டால் சிப்புக்குள் இருக்கும் நொக்ஸ் என்ற பாதுகாப்பு ஃபியூஸ் எரிந்து பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் மாதிரிக்கு ஒரு டெப்பையாவது முழுதாகத் திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். அது பிழையல்ல, திருடன் திறந்து தரவை எடுக்காமலிருக்க வைத்த ஏற்பாடு. ஆகவே மாணவரின் வேலை உள்ளே போகும் முன்பே இதைச் செய்து முடிக்க வேண்டும். திறந்த பிறகு ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது எச்சரிக்கைத் திரை வரும். ஆசிரியர்கள் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது மறுபடி பூட்டுவதற்கு. வேறு ஓஎஸ் போட்ட டெப்பைப் பழைய மாதிரி லொக் பண்ணினால் கையொப்பம் பொருந்தாமல் தொடங்காது. ஓஈஎம் அன்லொக்கிங் ஆளியும் ஓஃப் ஆகியிருந்தால் மறுபடி திறக்கவும் முடியாது. நம் சாவியை ஏற்றிப் பூட்டும் வசதி கூகுள் பிக்சல் போன்ற ஒரு சிலவற்றில்தான் உண்டு. இழப்பும் கொஞ்சம் உண்டு: திறந்த டெப்பில் சில வங்கிச் செயலிகள் ஓடாது, வீடியோக் காப்புமுறையான வைட்வைனின் தரம் குறைந்து சில தளங்களின் படம் மங்கும். பாடசாலை டெப்பில் வங்கிச் செயலிக்கு என்ன வேலை?

திறக்க முடிந்தால் வருவது என்ன? அண்ட்ரொய்ட் 8இல், 2017இல், ட்ரெபிள் என்ற ஏற்பாடு வந்த பிறகு, சிப்புக்குரிய பகுதியைத் தொடாமல் மேலேயுள்ள ஓஎஸ்ஸை மட்டும் மாற்றும் பொதுப் படிமங்கள் (ஆயத்தமான ஓஎஸ் கோப்புகள்) ஓடுகின்றன. தயாரிப்பாளர் கைவிட்ட டெப்பில் புதிய அண்ட்ரொய்ட் போட இதுவே வழி. கவனம்: மலிவு டெப்களில் சிப் 64 பிட்டாக இருந்தும் ஓஎஸ் 32 பிட்டாக இருப்பதுண்டு; பொருந்தாத வகைப் படிமத்தைப் போட்டால் டெப் லோகோவிலேயே நிற்கும். கேர்னல் பழையதாகவே இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. கேர்னல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. அதன் மூலநிரலைக் கேட்பவருக்குக் கொடுப்பது விநியோகிப்பவரின் கடமை. பெயர் தெரியாத பெட்டிகளில் வரும் டெப்களுக்கு அதைக் கேட்டால் பதிலே வராது.

பழைய மாணவர் சங்கத்தினருக்கு: லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து நீங்கள் அனுப்பும் டெப்களில் ஃபர்ம்வெயரை விடக் கணக்குப் பூட்டுத்தான் பெரிய சிக்கல். அண்ட்ரொய்ட் 5.1 முதல், கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த டெப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். எனவே முதலில் செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள், சம்சுங் என்றால் சம்சுங் கணக்கையும், பிறகு ரீசெட் செய்யுங்கள். ஐபேட் என்றால், அதை அப்பிள் கணக்கோடு பூட்டும் ‘ஃபைன்ட் மை’யை நிறுத்துங்கள். மறந்து அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, கொடுத்தவர் இருந்த இடத்திலிருந்தே ஐகிளவுட் தளத்தில் அந்த ஐபேட்டை அழித்துத் தன் கணக்கிலிருந்து அகற்றலாம். நாங்கள் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. ‘திறந்து தருகிறோம்’ என்று காசு வாங்குபவர்களை நம்பவும் வேண்டாம்.

அலுவலகங்கள் கழித்த டெப்கள் இன்னும் பொல்லாதவை. நிறுவனங்கள் தம் கருவிகளை நிர்வகிக்கும் சேவைகளான அப்பிள் பிஸ்னஸ் மனேஜரிலோ, நொக்ஸ் மொபைல் என்ரோல்மென்டிலோ, விண்டோஸ் ஓட்டோபைலட்டிலோ அவற்றின் தொடர் இலக்கம் பதிந்திருக்கும். எத்தனை தடவை ரீசெட் செய்தாலும், வைஃபையில் இணைத்தவுடன் பழைய நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவு தன் பட்டியலிலிருந்து விடுவித்தால் மட்டுமே இங்கே உயிர் பெறும். பெட்டி கட்டும் முன் ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரை போகிறதா என்று பாருங்கள். போகாததை அனுப்பாதீர்கள், கப்பல் கூலி வீண்.

உள்ளூர்க் கொள்முதலிலும் இதே கண்ணி உண்டு. விநியோகத்தர் தன் நிர்வாக மென்பொருளோடு டெப்பைத் தருவார். ஒப்பந்தக் காலம் முடிந்து சேவையகம் நின்ற பிறகும் டெப் அதற்குக் கட்டுப்பட்டே இருக்கும். புதிய செயலி போடவும் முடியாது, ரீசெட் செய்யவும் முடியாது. அதுவரை அந்த நிர்வாகக் கணக்கை வைத்திருப்பவர் எந்தப் பிள்ளையின் டெப் எங்கே இருக்கிறது, என்ன செயலி ஓடுகிறது என்பதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அந்தக் கணக்கு யார் கையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது சரியல்ல.

‘பூட்டை எடுத்தால் பிள்ளைகள் கண்டதையும் போடுவார்கள், டெப் அடகுக் கடைக்குப் போகும்’ என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்குத்தான் நிர்வாக மென்பொருள் பாடசாலையின் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். யூஈஎஃப்ஐ கடவுச்சொல்லும் இருக்கட்டும். அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். திறக்கும் வழியே இல்லாத பூட்டு பாதுகாப்பைக் கூட்டாது என்பதற்கு 2024 ஓகஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. அந்த மாதம் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. சரிசெய்யும் வழி: செக்கியூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் ‘மொக்யூட்டில்’ கட்டளையால் அந்தப் புதுப்பிப்பு புகுத்திய செக்கியூர் பூட் கொள்கையை நீக்கி, மறுபடி ஒன் செய்வது. நிறுத்த முடியாத கருவியில் இந்த வழி கிடையாது.

இன்னொன்று வாசலில் நிற்கிறது. செக்கியூர் பூட்டுக்கு அடித்தளமான மைக்ரோசொஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகின்றன; விண்டோஸ் பூட்லோடருக்கானது அதே ஆண்டு ஒக்டோபரில். அந்தத் திகதிக்காக ஓடிக்கொண்டிருக்கும் டெப் நின்றுவிடாது. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் ஏறாத டெப்பில், அவற்றால் மட்டும் கையொப்பமிட்ட புதிய லினக்ஸ் பெண்டிரைவ் தொடங்காது. செக்கியூர் பூட்டை நிறுத்தவும் முடியாவிட்டால் கதை முடிந்தது. களஞ்சியத்தில் பல மாதம் கிடந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் இதை நேரே கேளுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

கழிக்கும் பட்டியலை நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு டெப்பையும் ‘வன்பொருள் பழுது’, ‘கணக்குப் பூட்டு’, ‘நிர்வாகப் பூட்டு’, ‘ஓஎஸ் காலாவதி’ என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் விநியோகத்தருக்கோ கொடுத்தவருக்கோ ஒரு கடிதம் எழுதினால் தீரக்கூடியவை. அந்தக் கடிதத்தில் தொடர் இலக்கங்களையும் கொள்வனவு விலைச்சீட்டின் பிரதியையும் இணையுங்கள். அவை இல்லாமல் யாரும் விடுவிக்கமாட்டார்கள்.

புதிய விபரக்குறிப்பில் இவ்வளவையும் சேருங்கள்: பூட்லோடரை உரிமையாளர் தயாரிப்பாளரிடம் அனுமதி கேட்காமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இன்டெல் டெப்பில் செக்கியூர் பூட்டை நிறுத்தவும் சாவி சேர்க்கவும் முடிய வேண்டும், 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் ஏறியிருக்க வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் திகதி வரை என்று எழுத்தில் வேண்டும், மூல ஃபர்ம்வெயர் படிமமும் கேர்னல் மூலநிரலும் பொருளோடு கையளிக்கப்பட வேண்டும்.

ஏற்கும் நாளில் ஒவ்வொரு தொகுதியிலும் நீங்களே எடுத்த மாதிரிகளில் மேலே சொன்ன சோதனையை நடத்துங்கள், விநியோகத்தர் எடுத்துத் தருவதில் அல்ல. தேறாத தொகுதிக்குக் கொடுப்பனவை நிறுத்துங்கள். யூஈஎஃப்ஐ கடவுச்சொல், பிட்லொக்கர் குறியீடு, நிர்வாகக் கணக்கு மூன்றும் பாடசாலையின் பெயருக்கு மாறிய பின்னரே இறுதித் தவணை. ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லா டெப்களையும் விநியோகத்தர் தன் நிர்வாகத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற வாசகத்தையும் சேருங்கள்.

விலைமனு அறிவித்தல் வெளியாகும் முன் விபரக்குறிப்பின் வரைவைப் பகிரங்கமாக ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் விண்ணப்பித்துப் பெறலாம்தான், ஆனால் அது கைக்கு வரும்போது டெப்களும் வந்திருக்கும். சோதனையை உங்கள் முன் செய்துகாட்ட நாங்கள் தயார். மாதிரி டெப் ஒன்று, தரவு போகும் யூஎஸ்பி கேபிள் ஒன்று, லப்டொப் ஒன்று, வைஃபை. நாளையும் இடத்தையும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் கணினியும் டெப்பும் திருத்துவோர், தகவல் தொழில்நுட்பம் கற்பிப்போர் சிலர்